எப்படி என்று கேட்டால்

ஷாமினி: இன்னும் இருபத்திரெண்டு மணி நேரம், நாப்பது நிமிஷம் இருக்குக்கா.

மாரியாயி: ராக்கெட்டா விடப்போறோம்? இன்டர்வியூதானடி.

ஷாமினி: நாளைக்குப் பதினோரு மணிக்கு நீங்க அந்த ஹோட்டல்ல உக்காந்திருப்பீங்க. நேத்துச் சொல்லிக்கொடுத்ததுல பாதியை மறந்துட்டீங்க.

மாரியாயி: பாதி ஞாபகம் இருக்கே. அதைச் சொல்ல மாட்டியா?

ஷாமினி: நான் வேணா எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதி...

மாரியாயி: எழுதி? எந்தக் கண்ணால படிக்கச் சொல்ற?

ஷாமினி: ஐயோ... சாரிக்கா.

மாரியாயி: எட்டு மாசமா இந்த மசாஜ் கடை கவுண்டர்ல உக்காந்திருக்க. எனக்குக் கண்ணு தெரியாதுங்கறது உனக்கு இன்னும் பழகல. சந்தோஷந்தான் போ. வாயால சொல்லு. காது நல்லாவே இருக்கு.

ஷாமினி: சரி. அவங்க 'ஹௌ'ன்னு ஆரம்பிச்சா, எப்படின்னு கேக்கறாங்கன்னு அர்த்தம். பதில்ல 'லி' வரணும். ரெடியா? ஹௌ டு யு ப்ரெஸ்?

மாரியாயி: ஐ ப்ரெஸ் ஸ்லோ ஸ்லோ.

ஷாமினி: ஸ்லோ ஸ்லோ இல்லக்கா. ஸ்லோலி.

மாரியாயி: மலாய்ல பெலான் பெலான்னு ரெண்டு தடவை சொல்றோம். தமிழ்ல மெதுமெதுவான்னு சொல்றோம். இங்கிலீஷ்காரங்களுக்கு மட்டும் ஒரு தடவை சொன்னா புரிஞ்சிடுமா?

ஷாமினி: ஒரு தடவைதான். ஆனா வால் மாட்டணும். மெதுவா, கவனமா, பொறுமையா... நமக்குக் கடைசியில 'ஆ' வருதில்ல? அந்த எடத்துல அவங்களுக்கு 'லி'.

மாரியாயி: நாம எதைப் பேசினாலும் கடைசியில லா போடறோம். நமக்கு லா, அவங்களுக்கு லி.

ஷாமினி: லா வேறக்கா!

மாரியாயி: என்ன வேற? 'மெதுவா லா.' 'ஸ்லோ லி.' கேக்க ஒரே மாதிரிதான் இருக்கு.

ஷாமினி: ...சரி, அப்படியே வெச்சுக்குங்க. கவனமா?

மாரியாயி: கேர்ஃபுல்லி.

ஷாமினி: பொறுமையா?

மாரியாயி: பேஷன்ட்லி.

ஷாமினி: மென்மையா?

மாரியாயி: ஜென்ட்லி. வேகமா? ஃபாஸ்ட்லி!

ஷாமினி: அதான் இல்ல. ஃபாஸ்ட்டுக்கு லி கிடையாது.

மாரியாயி: ஏன், அது என்ன பாவம் பண்ணுச்சு?

ஷாமினி: அது வேகமா ஓடுது. வால் மாட்ட நிக்காது.

மாரியாயி: இதை உனக்கு யூனிவர்சிட்டியில சொல்லிக்கொடுத்தாங்களா?

ஷாமினி: நான் படிச்சது பயோலஜி.

மாரியாயி: அதான் வால் வாலா பேசற.

சின்னையா: உள்ள யாராச்சும் இருக்கீங்களா? கழுத்து புடிச்சுக்கிச்சும்மா...

மாரியாயி: சின்னையாண்ணனா? செருப்பை இழுக்கற சத்தத்துலயே தெரியுது. வாங்க. கிள்ளான்ல இருந்தா?

சின்னையா: ஆமா, தேங்காய் லோடு. முன்னால கடையில எறக்கிக்கிட்டு இருக்கானுங்க. லோரியை ரோட்டு நடுவுல போட்டுட்டு வந்திருக்கேன். அரை மணி நேரத்துல என்னைக் கழுத்தைத் திருப்ப வெச்சிடு, போதும்.

மாரியாயி: இந்த நாற்காலியில உக்காருங்க. ஆனா இன்னைக்கு நீங்க லோரி டிரைவர் இல்ல. ஹோட்டல் கெஸ்ட்.

சின்னையா: அப்போ ஏசியைக் கூட்டுங்க.

ஷாமினி: அண்ணே, அக்காவுக்கு நாளைக்கு இன்டர்வியூ. அம்பாங் பக்கம் ஒரு பெரிய ஹோட்டல், ஸ்பா வேலை. உங்கமேல பழகிக்கட்டுமே.

சின்னையா: பழகட்டும், பழகட்டும். கழுத்தை மட்டும் திருப்பிக் கொடுத்திடுங்க.

மாரியாயி: குட் ஆஃப்டர்நூன், சார். ப்ளீஸ் சிட் ஸ்ட்ரெய்ட்லி.

ஷாமினி: ஸ்ட்ரெய்ட் மட்டும்கா. அதுக்கும் வால் இல்ல.

மாரியாயி: இதுவும் ஓடுதா?

ஷாமினி: நேரா ஓடுது.

மாரியாயி: ப்ளீஸ் சிட் ஸ்ட்ரெய்ட். ப்ரீத் டீப்லி. நவ் ஐ வில் ப்ரெஸ் ஹார்ட்லி.

ஷாமினி: ஐயோ, ஹார்ட்லின்னா அழுத்தறதே இல்லைங்கற மாதிரிக்கா! ஹார்ட்னு நிறுத்திடுங்க.

சின்னையா: ஆ... ஆ! பாப்பா, இது நீ சொல்ற ஹார்ட்லி இல்ல. உசுரு போவுது.

மாரியாயி: சார், ப்ளீஸ் ஷவுட் சாஃப்ட்லி.

ஷாமினி: அக்கா, அது சூப்பர்!

சின்னையா: எது சூப்பர்? நான் கத்தறதா? ஆமா, அதென்ன லி, லி? அப்போ இட்லியும் அதுல சேத்தியா?

ஷாமினி: இல்லண்ணே. எப்படிங்கற கேள்விக்குப் பதிலா வந்தாத்தான்.

சின்னையா: எப்படிச் சாப்பிட்டான்? இட்லி இட்லியா சாப்பிட்டான்.

மாரியாயி: அண்ணே, சிரிக்காதீங்க, கழுத்து ஆடுது.

சின்னையா: எனக்கும் தெரியும்மா இங்கிலீஷு. போன மாசம் மேரு ரோட்டுல ஒரு மாடு குறுக்க வந்துச்சு. பிரேக் போட்டேன், மூணு மூட்டை தேங்காய் ரோட்டுல. கம்பெனியில ரிப்போர்ட் எழுதுன்னாங்க. நானே எழுதினேன்.

மாரியாயி: என்னன்னு?

சின்னையா: 'த கவ் கேம் சடன்லி. ஐ ஸ்டாப் பியூட்டிஃபுல்லி.'

ஷாமினி: பியூட்டிஃபுல்லியா!

சின்னையா: மாட்டுக்கு ஒரு கீறல் இல்ல பாப்பா. அது பியூட்டிஃபுல் இல்லாம என்ன? மானேஜரு அதை ஆபீஸ் போர்டுல ஒட்டி வெச்சிருக்கான். இன்னும் எடுக்கல.

மாரியாயி: பாத்தியா? அண்ணனுக்கே லி வருது.

ஷாமினி: அக்கா, விளையாட்டு போதும். இப்ப முக்கியமான கேள்வி. ஹௌ டு யு ஹேண்டில் எ டிஃபிகல்ட் கெஸ்ட்? தொல்லை குடுக்கற கெஸ்ட்டை எப்படிச் சமாளிப்பீங்க?

மாரியாயி: இப்ப இவரைச் சமாளிக்கற மாதிரி.

சின்னையா: ஏய்.

ஷாமினி: இல்லக்கா. 'பேஷன்ட்லி அண்ட் பொலைட்லி.' இந்த ரெண்டும் கண்டிப்பா வரணும். இதே வரிசையில.

மாரியாயி: வரிசை கூடவா?

ஷாமினி: வரிசை கூடத்தான். அதுக்கப்புறம் வலி எங்க இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்கன்னு கேப்பாங்க. அதுக்கு, 'ஐ லிசன் கேர்ஃபுல்லி வித் மை ஃபிங்கர்ஸ்.'

மாரியாயி: விரலால கேக்கறதா? நல்லா இருக்கே. யார் சொன்னது?

ஷாமினி: ...சும்மா, நானே யோசிச்சேன்.

மாரியாயி: அவங்க இதைத்தான் கேப்பாங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்?

ஷாமினி: பொதுவா... எல்லா ஹோட்டல்லயும் அதான் கேப்பாங்க.

மாரியாயி: அப்படியா. செவ்வாக்கிழமை ஹோட்டல்ல இருந்து போன் பண்ணப்ப அந்த மிஸ் லிம் என்னதான் சொன்னாங்க? இன்னொரு தடவை சொல்லேன்.

ஷாமினி: வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு மாரியாயியை வரச் சொல்லுங்கன்னாங்க. வெச்சுட்டாங்க.

மாரியாயி: அவ்வளவுதானா.

ஷாமினி: அவ்வளவுதான்.

மாரியாயி: நல்ல ஹோட்டல். ஒண்ணுமே கேக்காம நேரா கூப்பிடுது.

சின்னையா: செவ்வாக்கிழமையா? நான்கூட வந்திருந்தேனே. கதவைத் தொறந்தா இந்தப் பாப்பா போன்ல இங்கிலீஷு பொளந்து கட்டுது! டிவியில செய்தி படிக்கறாப்புல. கையைக் காட்டி உக்காருங்கன்னுச்சு. நான் கால் மணி நேரம்...

ஷாமினி: அண்ணே, அது கரண்டு கம்பெனி!

சின்னையா: கரண்டு கம்பெனியா?

ஷாமினி: பில்லு... பில்லுல ஏதோ தப்பு.

மாரியாயி: கால் மணி நேரமா?

ஷாமினி: பெரிய தப்புக்கா.

சின்னையா: நான் என்னத்தைக் கண்டேன். ஆனா பாப்பா, எங்கிட்ட 'உக்காருங்க'ன்னு சொல்லவே உனக்கு வாய் வராது. அன்னைக்கு நின்னு கேட்டுக்கிட்டே இருந்தேன், இது அதே புள்ளதானான்னு.

மாரியாயி: அண்ணே, தலையை இந்தப் பக்கம் சாய்ங்க. ஸ்லோலி.

சின்னையா: ஆமா, உனக்கு இங்க என்ன குறைச்சல்? எதுக்கு ஹோட்டலு?

மாரியாயி: பதினொரு வருஷமா இதே நாற்காலி, இதே அரை மணி நேரம், இதே கழுத்து. அங்க சூடு கல்லு, எண்ணெய் எல்லாம் கத்துக்கொடுத்து சர்ட்டிபிகேட் தராங்களாம். எனக்கும் புதுசா ஏதாவது செய்யணும்னு ஆசை இருக்காதா?

சின்னையா: முன்னால எதுக்கும் போனதில்லையா?

மாரியாயி: ரெண்டு எடம் போனேன். தம்பி குகனைக் கூட்டிக்கிட்டு. நான் உக்காந்திருக்கேன், அவன் பக்கத்துல நிக்கறான். அந்த மானேஜர் அவன்கிட்ட கேக்கறாரு, 'இவங்களுக்கு எத்தனை வருஷ அனுபவம்?' அவன் சொல்றான். 'இவங்க தனியா பாத்ரூம் போவாங்களா?' அதுக்கும் அவன் பதில் சொல்றான். கடைசியில காபி கொண்டாந்தாங்க. 'இவங்களுக்குச் சீனி போடலாமா?'

சின்னையா: சீனியையுமா அவன்கிட்ட கேட்டாங்க?

மாரியாயி: கேட்டாங்க. போடலாம்னுட்டான். நான் சீனியே சேத்துக்கறதில்ல.

சின்னையா: அடப்பாவி.

மாரியாயி: அவனும் பாசத்துலதான் பண்றான். எனக்கு இங்கிலீஷ்ல தடுமாறும், பள்ளிக்கூடத்துல எல்லாம் மலாய்தானே. ஆனா அன்னைக்கே முடிவு பண்ணேன். அடுத்த தடவை தப்போ சரியோ, என் வாயாலதான் பேசணும். எனக்கு வேலை குடுக்காட்டியும், என்கிட்ட பேசிட்டுக் குடுக்காம போகட்டும்.

சின்னையா: சரியாச் சொன்ன... ஏன் பாப்பா, மூஞ்சி அப்படிச் சுருங்கிப் போச்சு? அழறியா என்ன?

ஷாமினி: இல்லண்ணே. எண்ணெய்... எண்ணெய் வாசனை கண்ணுல...

மாரியாயி: இன்னும் எண்ணெய் பாட்டிலைத் தொறக்கவே இல்லையே.

சின்னையா: ...அலமாக்! ஹாரன் சத்தம் கேக்குதா? அது நம்ம லோரிக்குத்தான். போலீஸ்காரன் சமான் எழுதி அபராதம் போட்டுடுவான், நான் ஓடறேன். கழுத்து திரும்புதும்மா, இந்தா பாரு... சரி, நீ எங்க பாக்கறது. பாப்பா, நீ பாத்துச் சொல்லு!

ஷாமினி: நல்லா திரும்புதுண்ணே.

சின்னையா: நாளைக்குப் போய்ப் பியூட்டிஃபுல்லியா பேசிட்டு வா, மாரியாயி!

மாரியாயி: பாத்து, படி இருக்கு!

ஷாமினி: ...போயிட்டாரு.

மாரியாயி: தெரியும்.

ஷாமினி: நாம... மறுபடியும் முதல்ல இருந்து...

மாரியாயி: முதல்ல அந்தப் பேனாவைக் கீழ வை. வந்ததுல இருந்து டொக்கு டொக்குன்னு அழுத்திக்கிட்டே இருக்க.

ஷாமினி: வெச்சுட்டேன்.

மாரியாயி: இப்ப இந்த நாற்காலியில வந்து உக்காரு.

ஷாமினி: எனக்கு எதுக்குக்கா?

மாரியாயி: உக்காரு லா... ம். தோளா இது? சுவரு மாதிரி இருக்கு. என்னடி தூக்கிக்கிட்டுத் திரியற?

ஷாமினி: ஒண்ணுமில்ல.

மாரியாயி: இன்டர்வியூ உனக்கா எனக்கா?

ஷாமினி: உங்களுக்குத்தான்.

மாரியாயி: நீ எத்தனை இன்டர்வியூ போன, லேப் வேலைக்கு?

ஷாமினி: மூணு.

மாரியாயி: எத்தனையில வாயைத் தொறந்த?

ஷாமினி: ...ஒண்ணுல.

மாரியாயி: என்ன பேசின?

ஷாமினி: தண்ணி கேட்டேன்.

மாரியாயி: சிரிச்சுட்டேன், மன்னிச்சுக்க. குடுத்தாங்களா?

ஷாமினி: குடுத்தாங்க. வேலைதான் குடுக்கல... அக்கா.

மாரியாயி: சொல்லு.

ஷாமினி: கையை எடுத்துட்டுக் கேளுங்க. கை தோள்ல இருந்தா எனக்குச் சொல்ல வராது.

மாரியாயி: எடுத்துட்டேன்.

ஷாமினி: செவ்வாக்கிழமை பேசினது கரண்டு கம்பெனி இல்ல.

மாரியாயி: ம்.

ஷாமினி: நீங்க உள்ள ஒரு ஆன்டிக்குக் கால் புடிச்சுக்கிட்டு இருந்தீங்க. கவுண்டர் போன் அடிச்சுது. எடுத்தேன். அந்த மிஸ் லிம், 'ஆம் ஐ ஸ்பீக்கிங் டு மாரியாயி?'ன்னாங்க.

மாரியாயி: நீ என்ன சொன்ன?

ஷாமினி: ...எஸ்னுட்டேன்.

மாரியாயி: ஏன்டி?

ஷாமினி: நோன்னு சொன்னா, அப்ப நீங்க யாரு, அவங்க எங்க, எப்ப வருவாங்கன்னு கேப்பாங்க. எல்லாத்துக்கும் பதில் சொல்லணும். பயம் வந்துடுச்சு. எஸ்னா ஒரே வார்த்தை. அதோட முடிஞ்சிடும்னு நெனைச்சேன்.

மாரியாயி: முடிஞ்சுதா?

ஷாமினி: பதினாலு நிமிஷம் போச்சு.

மாரியாயி: ஆண்டவா...

ஷாமினி: அதுதான் முதல் இன்டர்வியூவேன்னாங்க. ஒண்ணு ஒண்ணா கேட்டாங்க. நான் நிறுத்தணும்னுதான் பாத்தேன்கா. ஆனா வாய் பாட்டுக்குப் பேசுது. எனக்கே புரியல. ஷாமினின்னா நாக்கு ஒட்டிக்குது. மாரியாயின்னதும்... எல்லாம் வந்துடுச்சு.

மாரியாயி: அந்த விரலால கேக்கறது...

ஷாமினி: அவங்க கேட்டாங்க, மூஞ்சியைப் பாக்க முடியாதே, வலிக்குதுன்னு எப்படித் தெரியும்னு. நீங்க வேலை செய்யறதை எட்டு மாசமா பாக்கறேன். தலையைச் சாய்ச்சுக்கிட்டு, மூச்சை நிறுத்திட்டு... ஏதோ கேக்கற மாதிரிதான் இருக்கும். அதைச் சொன்னேன்.

மாரியாயி: மேல சொல்லு.

ஷாமினி: அதனாலதான் நாளைக்கும் அதே வார்த்தை வரணும்னு உங்க உசுரை எடுத்தேன். மாத்திச் சொன்னா கண்டுபிடிச்சுடுவாங்க. உங்க வேலை என்னால போயிடும். குகன் அண்ணன் பரவாயில்லக்கா, பக்கத்துல நின்னாவது பேசினாரு. நான் உங்களைக் கூப்பிடக்கூட இல்ல... ஏதாவது சொல்லுங்கக்கா. திட்டுங்க.

மாரியாயி: எனக்குக் கோவம்தான்.

ஷாமினி: தெரியும்.

மாரியாயி: உள்ள பத்து அடி தூரத்துல இருந்தேன். ஒரு சத்தம் குடுத்திருந்தா வந்திருப்பேன்.

ஷாமினி: ஆமாக்கா.

மாரியாயி: நேத்து ராத்திரி நல்லா திட்டி முடிச்சுட்டேன். உனக்குக் கேக்கல, அவ்வளவுதான்.

ஷாமினி: நேத்தா?

மாரியாயி: நேத்து மத்தியானம் நீ சாப்பிடப் போனப்ப மிஸ் லிம் மறுபடி கூப்பிட்டாங்க. என்னை உள்ள கூட்டிப்போக ஹோட்டல் வாசலுக்கு ஆள் அனுப்பணுமான்னு கேக்க. இந்தத் தடவை போனை நான் எடுத்தேன்.

ஷாமினி: ஐயோ.

மாரியாயி: நான் ரெண்டு வார்த்தை பேசினதுமே, 'செவ்வாக்கிழமை அவ்வளவு நேரம் பேசினீங்க, இன்னைக்கு உங்க குரல் வேற மாதிரி இருக்கே, சளியா?'ன்னாங்க.

ஷாமினி: ஆமா, சளின்னு சொல்லிட்டீங்கள்ல?

மாரியாயி: எதுக்கு? உண்மையைச் சொன்னேன். 'டியூஸ்டே, நாட் மீ. மை ஃப்ரெண்ட். ஷி ஸ்பீக், பிகாஸ் ஷி ஸ்கேர்ட்.'

ஷாமினி: அவங்க...?

மாரியாயி: வெச்சுடுவாங்கன்னுதான் நெனைச்சேன். அப்புறம், 'சரி, இப்ப நீங்களே பேசுங்க, நான் கேக்கறேன்'னாங்க. பேசினேன். தப்பும் தவறுமா, ஸ்லோ ஸ்லோவா, பாதி மலாய் கலந்து. அந்தம்மா நடுவுல ஒரு தடவைகூட நிறுத்தல. கடைசியில நாளைக்குக் கண்டிப்பா வாங்கன்னாங்க.

ஷாமினி: நிஜமாவா? அப்போ வேலை போகல?

மாரியாயி: போகல. கிடைக்குமான்னு நாளைக்குத்தான் தெரியும்.

ஷாமினி: நேத்தே தெரிஞ்சும் என்னை வரிசை, வால், லின்னு இவ்வளவு நேரம்...

மாரியாயி: நீயா சொல்றியான்னு பாத்தேன். நான் கேட்டுச் சொன்னா அது வேற. அதோட, லி எனக்கு நெஜமாவே வேணும். நேத்து அந்தம்மாகிட்ட 'ஐ ப்ரெஸ் ஹார்ட்லி'ன்னு ரெண்டு தடவை சொல்லிட்டேன்.

ஷாமினி: அக்கா!

மாரியாயி: அதான் நாளைக்குத் திருத்திக்கிறேன்... இரு, எந்திரிக்காத. இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு.

ஷாமினி: இன்னும் என்ன?

மாரியாயி: போனை வெக்கறதுக்கு முன்னால அந்தம்மா கேட்டாங்க, செவ்வாக்கிழமை பேசின பொண்ணு என்ன வேலை செய்யுதுன்னு.

ஷாமினி: போலீஸ்ல சொல்லவா?

மாரியாயி: லூசு. ஸ்பாவுல போன் எடுத்து, வரவங்ககிட்ட பேச ஆள் தேடறாங்களாம். நாலு மாசமா நல்ல ஆள் அமையலையாம். நாளைக்கு உன்னையும் கூட்டிக்கிட்டு வர முடியுமான்னாங்க.

ஷாமினி: வேணாம்கா... நீங்க என்ன சொன்னீங்க? முடியாதுன்னுதானே சொன்னீங்க?

மாரியாயி: நீ என்கிட்ட கேட்டியா? நானும் உன்கிட்ட கேக்கல. எஸ்னுட்டேன். பதினோரு மணிக்கு நான், பதினொன்றரைக்கு நீ.